ஆறுச்சாமி கை கழுவுவதற்குள்

"எஞ்சினை இறக்கியே ஆவோணும் அம்மணி" என்று மெக்கானிக் ஆறுச்சாமி சொன்னதும் கோகிலவாணிக்கு உள்ளே என்னவோ அவிழ்ந்தது. காலையிலிருந்து இறுக்கிக் கட்டியிருந்த நாடாவைத் தளர்த்தினால் வயிறு விடுமே ஒரு மூச்சு, அந்த மாதிரி. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, ஐயோ என்றுகூட வரவில்லை. அப்பாடா என்றுதான் வந்தது. வந்த வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அப்பாவின் காரைப் பற்றி ஒரு ஆள் கெட்ட சேதி சொல்கிறார், மகளுக்கு அப்பாடா என்று வருகிறது, இவளெல்லாம் ஒரு மகளா. ஆறுச்சாமி ஆயில் குச்சியை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் டீக்கடை டீயைப் போலப் பழுப்பாக நுரைத்துக் குச்சியிலிருந்து வழிந்தது. "பாத்தயா, தண்ணி கலந்துருச்சு. ஹெட்டு விரிசல் உட்டிருக்குது. எழுவதாயிரத்துக்குக் கொறையாது. பிரிச்சுப் பாத்தா உள்ளுக்குள்ள இன்னும் என்னென்ன பல்லைக் காட்டுதோ, எம்பதுன்னே வெச்சுக்க." எழவு சொல்ல வந்தவர் மாதிரித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னார். கோகிலா சட்டென்று குனிந்து முன் டயரைப் பார்க்கிற சாக்கில் முகத்தை ஒளித்துக்கொண்டாள். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். "அழுவாத அம்மணி. இருவத்தோரு வருசம் ஓடுன வண்டி. பொண்ணாப் பொறந்திருந்தா உங்கய்யன் இந்நேரம் இதுக்கும் ஒரு வரன் பாத்து அனுப்பியிருப்பாரு." அவள் அழவில்லை என்று சொல்லலாம்தான். அழவில்லையென்றால் பின்னே என்ன செய்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது. டயரையே பார்த்தாள். டயர் நன்றாகத்தான் இருந்தது. ஆறுச்சாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நான் சோத்தத் தின்னுட்டு வந்தர்றேன். அதுக்குள்ள ரோசனை பண்ணி ஒண்ணு சொல்லு. செஞ்சறலாம்னா இன்னைக்கே செயினப் போட்டு எறக்கீர்றேன், நாளைக்கு வேறொரு வேன் வரிசையில நிக்குது. வேண்டாம்னா மூணு மணிக்குப் பழைய இரும்புக்காரன் லாரி இந்தப் பக்கம் வருது, அவனே தூக்கிட்டுப் போயிருவான்."

பட்டறைச் சுவரை ஒட்டி, ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய பின்சீட்டைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் உட்கார. கோகிலா அதில் போய் உட்கார்ந்தாள். ரெக்சின் வெயிலில் காய்ந்து தொடையைச் சுட்டது. எதிரே அவர்கள் வீட்டு வெள்ளைக் கார் மூடியைத் தூக்கிக்கொண்டு, பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்த ஆளைப் போல நின்றது. ஷெட்டுக்குள்ளே ஆறுச்சாமி மூன்றடுக்குத் தூக்குப்போசியைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். மேல் அடுக்கு பொரியல். பொறுமையான ஆள், ஒவ்வொரு பீன்ஸாக மென்றார். கோகிலாவுக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். முடிவு தெரிந்த விஷயத்துக்கு எதற்கு மூன்றடுக்கு நேரம் என்று எழுந்து போய், "வேண்டாமுங்கண்ணா" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே. கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்றால் அப்பா காலையில் சொன்னது காதிலேயே நின்றது. "ஓட்டறவ நீ. ஆறுச்சாமி என்ன சொல்றான்னு கேட்டுட்டு, செய்யலாம்னா செய்யலாம், வேண்டாம்னா வேண்டாம், நீயே சொல்லிப்போட்டு வா." அப்பா இப்படி எதையும் யாரிடமும் விட்டதில்லை. வீட்டுக்கு என்ன பெயிண்ட் என்பதைக்கூட அம்மாவிடம் விட்டதில்லை. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்ற பிறகும், இரண்டு விரல் நீட்டினால் மூன்று என்று சொல்கிற நிலைமையிலும், எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று அவர்தான் சொல்வார், சரியாகவும் சொல்வார். அப்படிப்பட்ட ஆள் நீயே சொல்லு என்கிறார். அது நம்பிக்கை. நம்பிக்கை என்பது பெரிய தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், நம்பினால் என்ன செய்வது.

அப்பா சென்னியப்பன் கல்யாணத் தரகர். காங்கேயம், வெள்ளக்கோயில், தாராபுரம் பக்கமெல்லாம் ஜாதகப் பையோடு ஏறி இறங்கிய வீடுகள் எண்ணி மாளாது. தரகர் எதில் வந்து இறங்குகிறார் என்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது என்பார். பஸ்ஸில் வருகிற தரகருக்கு வாசலில் நிற்கவைத்து மோர், காரில் வருகிற தரகருக்கு உள்ளே சோபாவில் காபி. சோபாவில் உட்கார்ந்தால்தான் பொண்ணு எவ்வளவு படித்திருக்கிறாள், தோட்டம் எத்தனை ஏக்கர், அண்ணன்காரன் குடிப்பானா என்கிற உள்விவரமெல்லாம் வரும். மோரில் எந்த விவரமும் வராது. இதைக் கேலிக்குச் சொல்கிறாரா நிஜமாகவா என்று கோகிலாவுக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அவளே பார்த்திருக்கிறாள், கார் வாசலில் நின்றதும் வீட்டுக்காரர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதை. இப்போது புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி பிறந்தால் வரன் பார்க்கிற கூட்டம் தொடங்கிவிடும். இந்த நேரத்தில் கார் இல்லையென்றால் அப்பா மோர் குடிக்கிறவராகிவிடுவார். அறுபத்திரண்டு வயதில், கண் தெரியாமல், பஸ் படியைக் காலால் துழாவிக்கொண்டு, நடத்துனர் "ஏறுங்க பெருசு" என்று முதுகில் கை வைத்துத் தள்ள. அந்தக் கை அவள் மனசில் வந்து விழுந்ததும் கோகிலா அந்த நடத்துனரை, அவன் இன்னும் பிறக்கவே இல்லை, மனசுக்குள்ளேயே அடித்தாள். அப்புறம் எழுபதாயிரம் பெரிய காசா என்று நினைத்தாள். அம்மாவின் சீட்டு இருக்கிறது. எடுத்தால் போகிறது. இறக்கட்டும், பிரிக்கட்டும், திரும்பப் பூட்டட்டும், நல்ல எஞ்சினாக வரட்டும். நல்ல எஞ்சினாக வந்த காரில் தான் உட்கார்ந்து சாவியைத் திருப்புவதை நினைத்தாள். அவிழ்ந்தது மறுபடி இறுகியது. 

ஆக விஷயம் எஞ்சின் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வருகிறாள், அவ்வளவுதான். ஆறுச்சாமி முதல் அடுக்கை முடித்து இரண்டாவதைத் திறந்தார், குழம்புச் சோறு. பக்கத்து லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடைகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. அவள் பள்ளிக்கூடம் விட்ட கதையை ஊரில் எல்லோரும் அழகாகச் சொல்வார்கள்: அப்பனுக்குக் கண் போச்சு, புள்ள படிப்பை விட்டுப்போட்டு வண்டியைக் கையிலெடுத்துக்கிச்சு, பொண்ணுன்னா இப்படி இருக்கோணும். அது பாதி பொய். பிளஸ் டூவில் வேதியியல் அவளுக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. வேதியியல் டீச்சர் ஒருநாள், "நீ எதுக்கு இங்க வர்ற" என்று கேட்டார். "எனக்கும் தெரியலீங் டீச்சர்" என்று நேராகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. அந்த வாரம்தான் அப்பாவுக்குக் கண் டாக்டர் கையை விரித்தார். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல், ஆனால் அவளுக்கு வசதியான தற்செயல். பதினெட்டு முடிந்த நாற்பதாம் நாள் லைசென்ஸ். முதல் நாலு மாதம் ராணி மாதிரி ஓட்டினாள். போகிற வீடுகளில், வெள்ளக்கோயிலில் ஒரு தடித்த அம்மா, "ஏனுங் தரகரே, ஊருக்கெல்லாம் பாக்கறீங்களே, உங்க டைவருக்கு எப்பங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தபோது, "எனக்குச் சம்பளம் ஏத்தச் சொல்லுங்க, அப்புறம் கல்யாணத்தப் பாத்துக்கலாம்" என்று கோகிலா சொன்னாள். அப்பா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒன்றுக்கும் உதவாதவள் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. வண்டி போய்விட்டால் அதுவும் போய்விடும். வண்டி இல்லாத கோகிலா யார், பிளஸ் டூ முடிக்காத பத்தொன்பது வயதுப் பெண், வீட்டில் சும்மா இருக்கிறாள், சட்டென்று ஒரு ஜாதகத்தை எடு. இதை நினைத்ததும் பயம் வரவேண்டும். வந்தது. ஆனால் சின்ன பயம். பெரிய பயம் ஏற்கெனவே இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்ததால் இது ஓரமாக நின்றது.

பெரிய பயத்துக்கு மாசி மாதம் என்று பெயர். மாசியில் ஒருநாள், காலை பத்தரை மணி, வாய்க்கால் பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். கரும்புத் தோகை பின்னால் நீட்டிக்கொண்டு, காற்றில் ஆடி, வா வா என்கிற மாதிரி. பிரேக்கை மிதித்தாள். பெடல் தரைவரைக்கும் போயிற்று, தண்ணீரில் கால் வைத்த மாதிரி. ஒன்றுமே பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தாள். மறுபடி. பக்கத்துச் சீட்டில் அப்பா பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஒரு பொண்ணு ஜாதகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "ஏழுல செவ்வாய் கண்ணு, இது லேசுல ஆவாது" என்றார். தோகை கண்ணாடிக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் உரசுகிற சத்தம், சரசரவென்று, பட்டுச்சேலை உரசுகிற மாதிரி. கியரைக் குறைத்தாள், எஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள், ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும். வண்டி ஒருக்களித்துப் போய் மண் மேட்டில் மூக்கை வைத்து நின்றது. டிராக்டர்க்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். "ஏங்கண்ணு நிறுத்திட்ட?" என்றார் அப்பா, பூதக்கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "டிராக்டர் வழி உட மாட்டேங்குதுங்கப்பா. போகட்டும்னு நிறுத்தினேன்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாளே ஆறுச்சாமியிடம் வந்து, பிரேக் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டாள். அப்பாவிடம் சர்வீஸ் என்றாள். பிரேக் புதுசு. கால்தான் பழசு. அன்றிலிருந்து எதற்கும் இரண்டு தரம் மிதிக்கிறாள். நாய் வந்தால் இரண்டு தரம், வளைவென்றால் இரண்டு தரம், வெறும் ரோட்டில், ஒருவரும் இல்லாத ரோட்டில், பிடிக்கிறதா என்று பார்க்க இரண்டு தரம். ஏழு மாதமாகச் சாவியை எடுக்கும் முன்னால் கழிவறைக்குப் போகிறாள். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியிலும் அப்பாவின் இடது பக்கக் கதவைத்தான் பார்க்கிறாள், அது எப்படி மடங்கும் என்று. இவ்வளவையும் செய்துகொண்டே வெள்ளக்கோயில் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல நடிகை.

குழம்புச் சோறு முடியப் போகிறது. என்ன காரணம் சொல்லலாம் என்று கோகிலா வரிசையாக எடுத்துப் பார்த்தாள். எஞ்சினைப் பிரித்தால் மறுபடி பூட்ட முடியாதாம் என்று சொல்லலாம். ஆறுச்சாமிக்குப் போன் போட்டால் தீர்ந்தது. பழைய வண்டிக்கு இனிமேல் பர்மிட் தரமாட்டார்களாம் என்று சொல்லலாம். அப்பா பேப்பரை வாசிக்கச் சொல்லித் தினமும் கேட்கிற ஆள். எண்பதாயிரத்துக்கு வேறு நல்ல வண்டியே வாங்கலாம் என்று சொல்லலாம். வேறு வண்டி வந்தால் அதை ஓட்டப் போவது யார். அங்கேதான் எல்லாம் வந்து முட்டிக்கொண்டது. எந்தப் பொய்யை எடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு வந்து அவளை மறுபடி ஒரு ஸ்டீரிங்குக்குப் பின்னால்தான் உட்கார வைத்தது. உண்மையோ மூன்று சொல்தான்: எனக்குப் பயமா இருக்குது. டீச்சரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவள், பெரியம்மா மகன் சீட்டுக் காசை அமுக்கியதைப் பந்தியில் வைத்துக் கேட்டவள், வாயாடி, பட்டுன்னு பேசுவா, மூடி மறைக்கத் தெரியாதவ என்று பெயர் வாங்கியவள், இந்த மூன்று சொல்லை ஏழு மாதமாக நாக்குக்கு அடியில் மாத்திரை மாதிரி வைத்திருக்கிறாள், கரையவும் இல்லை. அடுத்தவர் விஷயத்தில் நேர்மையாக இருப்பது ரொம்பச் சுலபம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன. அப்பா இந்தக் காரை நம்பவில்லை, அவளை நம்பி உட்கார்ந்திருக்கிறார். கண் தெரியாத மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஜாதகம் படிக்கிறார் என்றால் ஓட்டுகிறவளுக்குப் பயம் இல்லை என்கிற தைரியத்தில்தானே. பயமா இருக்குது என்று சொல்லிவிட்டால் போன ஏழு மாதமும் அவருக்குப் பின்னோக்கி நடுங்க ஆரம்பித்துவிடுமே. ஆனாலும் எஞ்சின் போய்விட்டது. தானாகவே போய்விட்டது. அவள் ஒன்றும் செய்யவில்லை. எஞ்சின் செத்துவிட்டது, எழுபதாயிரம், கட்டுப்படியாகாது, விட்டுட்டேன் என்று சொன்னால் போதும், அது பொய்யே இல்லை. பயத்தைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அப்பாடா மறுபடி வந்தது, கொஞ்சம் திருட்டு அப்பாடாவாக, ஆனாலும் நன்றாக இருந்தது. ஷெட் நிழல் காலடிக்கு வந்திருந்தது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினாள். போன் அடித்தது.

அம்மா துளசிமணி. போனில் அம்மா எப்போதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். "ஏம் புள்ள, ஆறுச்சாமிகிட்ட எதுவும் சொல்லீட்டியா?" "இல்லீங்மா, இனித்தான்." "சொல்லாத. வேண்டாம்னு சொல்லீராத. நாங்க கருப்பராயன் கோயில்லதான் இருக்கறோம். நீ போனதுக்கப்பறம் உங்கப்பாவுக்கு இருப்புக் கொள்ளல. பூக் கேட்டறலாம்னு வந்துட்டோம்."  பூக் கேட்பது என்றால் அவர்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சே கிடையாது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், பிரித்துத் தெரியாதபடி ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. கிணறு தோண்டுவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். அக்காவை ஈரோட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்தது பூவால், மேட்டுக்காட்டை வாங்காமல் விட்டது பூவால். "வெள்ளைப்பூ வந்திருச்சு புள்ள" என்றாள் அம்மா. குரல் நனைந்திருந்தது. "பூசாரி பேத்தி எடுத்துக் குடுத்தா. பிரிச்சா பளிச்சுன்னு வெள்ளை. எஞ்சினை எறக்கச் சொல்லீரு. காசு எப்படியும் பொரட்டிக்கலாம், சாமியே சொல்லிருச்சு." கோகிலா காரைப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இன்னும் ஐந்து வருஷம், பத்து வருஷம், நாய்க்கு இரண்டு தரம், வளைவுக்கு இரண்டு தரம், வெறும் ரோட்டுக்கு இரண்டு தரம். சாமி எப்படிச் சரி என்று சொல்லும், சாமி அன்றைக்குச் சரிவில் எங்கே இருந்தது என்று நினைத்தாள், உடனே, நிறுத்தியதே அதுவாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தாள், இரண்டையும் சேர்ந்தாற்போல் நினைத்ததில் தலை கிறுகிறுத்தது. உள்ளே ஆறுச்சாமி கடைசி அடுக்கைத் திறந்தார். தயிர். தயிர் சாப்பிட எவ்வளவு நேரமாகும். "புள்ள, இருக்கறயா?" என்றாள் அம்மா. "அப்பாகிட்டக் குடுங்க" என்றாள் கோகிலா.

போன் கை மாறுகிற சத்தம், கோயில் மணி, யாரோ தேங்காய் உடைத்தது. "சொல்லு கண்ணு" என்றார் அப்பா. அவள் சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள், தயிர் முடிந்துவிடும் என்கிற அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்பா, எனக்குப் பயமா இருக்குதுங்க. வண்டி ஓட்ட. இந்த வண்டின்னு இல்லீங்க, எந்த வண்டியும். ரொம்ப நாளாவே." சொன்னதும் பட்டறை அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது, நிஜத்தில் லேத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது.   பெரிய மனுஷனைக் கோயில் வாசலில் வைத்து உடைத்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார். "டிராக்டரா?" கோகிலாவின் கண்ணில் சட்டென்று தண்ணீர் வந்துவிட்டது, ஆறுச்சாமி சொன்ன அழுகை இப்போதுதான் வந்தது. "உங்களுக்குத் தெரியுமுங்களா?" "கண்ணுதான் தெரியாது கண்ணு. நீ பெடல்ல தொம்மு தொம்முன்னு ஒதைச்சது கேக்காதா. அதுக்கப்புறம் எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு தடவை மிதிக்கற. சரி, பழகிருச்சுன்னா போயிரும்னு இருந்தேன். நான் கேட்டா நீ வெசனப்படுவீன்னு கேக்கல." "நான் சொன்னா நீங்க வெசனப்படுவீங்கன்னுதான் சொல்லல." "நல்லாத்தான் இருக்குது" என்றார் அப்பா. சிரித்தாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் அம்மா, "என்னவாம், என்ன சொல்றா, சாமி பூக் குடுத்ததுக்கப்பறம் மாத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லுங்க, குத்தமாயிரும்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா போனை வாயிலிருந்து விலக்காமலேயே அம்மாவிடம் சொன்னார். "சாமி மேல தப்பு ஒண்ணும் இல்ல துளசி. நான் கேட்டதுதான் தப்பு. இந்த வண்டி இன்னமும் ஓடுமான்னு கேட்டேன், ஓடும்னு சொல்லிருச்சு. இவ ஓட்டுவாளான்னு நான் கேக்கவே இல்லையே."  "அப்ப இன்னொருக்காப் பூப் போட்டு அதையும் கேட்டறலாமுங்களா" என்றாள் அம்மா. "அதுக்கெதுக்குப் பூ. ஓட்டறவ போன்ல இருக்கறா. ஏங்கண்ணு, ஓட்டறயா?" "இல்லீங்கப்பா." "முடிஞ்சுது போ. இரும்புக்காரங்கிட்டக் குடுத்துரச் சொல்லு." அவ்வளவுதான். ஏழு மாதம். அவ்வளவுதானா என்று கோகிலாவுக்குக் கோபம்கூட வந்தது, இவ்வளவு லேசான கதவை இத்தனை நாள் யார் பூட்டி வைத்தது. "ஐப்பசிக்கு என்னங்கப்பா பண்றது" என்றாள், வேண்டுமென்றே, விட்டுப்போனது எதுவும் இருக்கக்கூடாது என்று. "பஸ்ஸு இருக்குது. நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா. வெள்ளக்கோயில்க்காரி மோர்தான் குடுப்பா." "குடிச்சுக்கலாமுங்க." "வெயிலுக்கு மோரு நல்லதுதான்" என்றார் அப்பா.

ஆறுச்சாமி தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன அம்மணி?" "வேண்டாமுங்கண்ணா. குடுத்தர்றோம்." அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரிக்கிற மாதிரி இருந்தது, எதை நம்புவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. "நல்லது. எறக்கியிருந்தா நாலு நாளைக்கு என்ற இடுப்பு போயிருக்கும்" என்றார். அவள் காருக்குள் துழாவி எடுக்க வேண்டியவற்றை எடுத்தாள்: ஜாதகப் பை, குடை, பூதக்கண்ணாடி, அப்பாவின் பழைய துண்டு ஒன்று, சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த அரைப் பாக்கெட் மிட்டாய். இந்த மாதிரி நேரத்தில் காரைத் தடவிக்கொடுப்பார்கள், நாலு சொல் சொல்வார்கள். அவளுக்கு அதெல்லாம் வரவில்லை. நல்ல கார்தான். போகட்டும். வேதியியல் இல்லாத வேறு குரூப்பில் தனியாகப் பரீட்சை எழுதலாமா என்று நடக்கும்போது ஒரு நினைப்பு ஓடியது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில், வழக்கத்துக்கு மாறாக, மணியைப் பார்த்துப் பார்த்துப் பறக்கவில்லை. பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் யாரோ ஒரு ஆள், அவர் என்ன மிதிக்கிறார், எத்தனை தரம் மிதிக்கிறார் என்பதெல்லாம் அவர் கவலை. முன்னால் போகிற லாரியை அவர் பார்த்துக்கொள்வார். வாய்க்கால் பாலம் வந்தது. சரிவு வருவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே, வாயைத் திறந்துகொண்டு, பகல் மூன்று மணிக்கு. நடத்துனர் வந்து சீட்டுக் கம்பியைத் தட்டியபோது வெளியே தெரிந்தது அவள் ஊர் இல்லை. "உன்ற ஊர் போயி ரெண்டு ஸ்டாப்பாச்சு. அப்படி என்ன தூக்கம், வண்டியில ஏறுனதும்?" கோபித்துக்கொண்டுதான் கேட்டார். அவள் இறங்கினாள். ஒரு சோளக்காட்டு ஓரம், ஒருவரும் இல்லை, திரும்ப நடந்தால் அரை மணி நேரம். போன் போட்டாள். "ஊரு தாண்டிப் போயிட்டேனுங்கப்பா. தூங்கிட்டேன்." "தூங்கிட்டியா" என்றார் அப்பா. பிறகு, "நல்லாத் தூங்கினயா?" என்றார். "ரொம்ப" என்றாள் கோகிலா. ஜாதகப் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ரோட்டின் இடது ஓரமாக, அவசரப்படாமல், நடக்க ஆரம்பித்தாள்.